ஊதினாலே வைரஸ் தெரியுமா? மூச்சை முகரும் சென்சாரும் மெஷின் லேர்னிங்கும் வேலை செய்வது எப்படி?

கொரோனா காலத்தில் மூக்குக்குள் குச்சியை விட்டு சாம்பிள் எடுத்ததை அவ்வளவு சீக்கிரம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, ரிசல்ட் வரும்வரை காத்திருப்பதுதான் பெரிய பாடு. வேலைக்குப் போகலாமா? வீட்டில் இருக்கும் பெரியவர்கள் பக்கத்தில் போகலாமா? ஒரு நாளோ இரண்டு நாளோ எதுவுமே தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் உலகம் முழுக்க ஒரு யோசனை வேகம் பிடித்தது. குச்சி வேண்டாம், ரத்தம் வேண்டாம். ஒரு குழாயில் மூச்சை ஊதினால் போதும், ஒன்றிரண்டு நிமிஷத்தில் கருவியே சொல்லிவிடும். ராத்திரி வாகன சோதனையில் போலீஸ்காரர் 'ஊதுங்க' என்று ஒரு மெஷினை நீட்டுவாரே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

இது வெறும் கற்பனையாக நின்றுவிடவில்லை. சிங்கப்பூர், நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இப்படிப்பட்ட கருவிகள் மக்களிடம் பயன்படுத்தப்பட்டன அல்லது அரசு அனுமதி பெற்றன. சில இடங்களில் நல்ல ரிசல்ட் கிடைத்தது. ஓரிடத்தில் சிக்கலும் வந்தது. இந்தக் கருவிகள் உண்மையில் எதைக் கண்டுபிடிக்கின்றன, எங்கே தடுமாறுகின்றன, அடுத்த தொற்று வந்தால் இவற்றை நம்பலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

நம்ம மூச்சில் என்னதான் இருக்கு?

நாம் வெளியே விடும் மூச்சில் பெரும்பகுதி நைட்ரஜன். அதோடு ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நீராவி. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் இவற்றுக்கு நடுவே மிக மிகச் சிறிய அளவில் வேறு பல வேதிப்பொருட்களும் இருக்கின்றன. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். அசிட்டோன், ஐசோப்ரீன், ஆல்டிஹைடு வகைகள் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

1971-ம் ஆண்டிலேயே, நோபல் பரிசு பெற்ற வேதியியல் விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் மனித மூச்சில் சுமார் 250 பொருட்கள் இருப்பதைக் காட்டினார்கள்.

இவை எங்கிருந்து வருகின்றன? உடம்புக்குள் உணவு எரியும்போது, கொழுப்பு சிதையும்போது, செல்கள் பாதிக்கப்படும்போது உருவாகும் பொருட்கள் ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தம் நுரையீரலுக்கு வரும்போது ஆவியாகக்கூடியவை மூச்சோடு வெளியேறிவிடுகின்றன. பட்டினி கிடந்தால் மூச்சில் அசிட்டோன் கூடும். கட்டுப்பாட்டை மீறிய சர்க்கரை நோயாளியின் மூச்சில் ஒரு பழ வாசனை வருவதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் அளவுதான் ரொம்ப ரொம்பக் குறைவு. பல பொருட்கள் நூறு கோடி மூலக்கூறுகளில் சில என்ற கணக்கில்தான் இருக்கும். புரியும்படி சொன்னால், நூறு கோடியில் ஒன்று என்பது சுமார் 32 வருஷத்தில் ஒரே ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியைத் தேடிப் பிடிப்பதுதான் சென்சாரின் வேலை.

கருவி முகர்வது வைரஸை இல்லை

இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. மூச்சை முகரும் கருவி வைரஸைத் தேடுவதில்லை. கொரோனா வைரஸ் ஒரு மீட்டரில் கோடியில் ஒரு பங்கு அளவுள்ள துகள். அது ஆவியாகாது, அதற்கென்று தனி வாசனையும் கிடையாது.

அப்படியென்றால் எதை முகர்கிறது? வைரஸ் வந்ததால் உடம்பில் ஏற்பட்ட கலவரத்தைத்தான். தொற்று வந்ததும் நோய் எதிர்ப்பு செல்கள் சண்டைக்குக் கிளம்புகின்றன, அழற்சி உண்டாகிறது. செல்களின் சவ்வில் இருக்கும் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் சிதைகிறது. அப்படிச் சிதையும்போது ஆக்டனால், நோனனால், ஹெப்டனால் போன்ற ஆல்டிஹைடுகள் வெளிவருகின்றன. இவற்றின் அளவு கூடுவதும் குறைவதும் மூச்சில் தெரியும்.

பக்கத்துத் தெருவில் தீப்பிடித்தால் நம் மூக்குக்கு வருவது புகை நாற்றம்தான். அதை வைத்து, அங்கே ஏதோ எரிகிறது என்று சொல்லிவிடலாம். எரிவது வைக்கோலா, பிளாஸ்டிக்கா என்றுகூட ஓரளவு சொல்லலாம். ஆனால் யார் பற்ற வைத்தார்கள் என்று சொல்ல முடியுமா? மூச்சுப் பரிசோதனையின் பலம், பலவீனம் இரண்டுமே இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

போலீஸ் கருவியிலிருந்து இது வேறுபடுவதும் இங்கேதான். குடித்தவர் மூச்சில் ஆல்கஹாலே நேரடியாக வருகிறது. ஒரு பொருள், ஒரு அளவு, ஒரு வரம்பு. வைரஸ் விஷயத்தில் அப்படி ஒற்றைப் பொருள் எதுவும் இல்லை. பல பொருட்களின் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

சென்சார் எப்படி 'முகர்கிறது'?

பயன்பாட்டில் பல வகைகள் இருக்கின்றன. முக்கியமானவை நான்கு.

முதல் வகை, உலோக ஆக்சைடு சென்சார். கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் அலாரத்தில் இருப்பதும் இதே வகைதான். 1960-களில் ஜப்பானைச் சேர்ந்த நவோயோஷி தகுச்சி இதை உருவாக்கினார். டின் ஆக்சைடு போன்ற ஒரு பொருளைச் சில நூறு டிகிரி வரை சூடாக்கி வைத்திருப்பார்கள். காற்றில் உள்ள ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூச்சில் உள்ள வேதிப்பொருள் வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்ததும் எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை குறையும். அந்த மாற்றம்தான் சிக்னல். விலை குறைவு, சின்ன சைஸ். ஆனால் எது வந்தது என்று துல்லியமாகச் சொல்லத் தெரியாது. ஈரப்பதம் மாறினாலும் இதன் அளவீடு மாறும்.

இரண்டாவது வகை, தங்க நானோ துகள் சென்சார். மிக நுண்ணிய தங்கத் துகள்களின் மேல் வெவ்வேறு வேதிப் பூச்சு இருக்கும். மூச்சில் உள்ள பொருட்கள் ஒட்டும்போது அந்தப் படலம் லேசாக வீங்கியோ சுருங்கியோ மின்தடையை மாற்றும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒவ்வொரு பொருள் பிடிக்கும்.

மூன்றாவது, அயனிகளின் ஓட்டத்தை அளக்கும் கருவி. மூச்சில் உள்ள மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து ஒரு குழாயில் ஓடவிடுவார்கள். எது எவ்வளவு நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேர்கிறது என்பதை வைத்து அடையாளம் காண்பார்கள். விமான நிலையத்தில் பையைத் துணியால் துடைத்து வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அங்கும் இந்தத் தொழில்நுட்பம்தான்.

நான்காவது, நிறை நிறமாலைமானி. மூலக்கூறுகளை எடை வாரியாகப் பிரித்துப் பார்க்கும் கருவி. நால்வரில் இதுதான் துல்லியக்காரர். ஆனால் கையடக்கமாக இருக்காது. ரொம்பச் சின்னதாக்கினாலும் ஒரு சூட்கேஸ் அளவுக்கு வரும்.

மெஷின் லேர்னிங்குக்கு இங்கே என்ன வேலை?

1982-ல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு வாசனைக்கும் தனித்தனி சென்சார் தேவையில்லை. பலவற்றுக்கும் அரைகுறையாகப் பதில் தரும் சில சென்சார்களை ஒன்றாக வைத்தாலே போதும். மல்லிகைக்கு முதல் சென்சார் பலமாகவும் இரண்டாவது லேசாகவும் துடிக்கும். எலுமிச்சைக்கு அது தலைகீழாக மாறும். அந்த மொத்த அமைப்பை வைத்து வாசனையை அடையாளம் கண்டுவிடலாம். நம் மூக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்கிறது. 'மின்னணு மூக்கு' பிறந்தது இங்கேதான்.

அந்த அமைப்பைப் படிக்கத்தான் மெஷின் லேர்னிங். தொற்று இருப்பதாக பிசிஆர் டெஸ்டில் உறுதியான சில நூறு பேர், இல்லை என்று உறுதியான சில நூறு பேர் என எல்லோரையும் ஊதச் சொல்வார்கள். ஒவ்வொருவருடைய சென்சார் எண்களையும் கம்ப்யூட்டரில் கொடுத்து, இது பாசிட்டிவ், இது நெகட்டிவ் என்று பெயர் ஒட்டுவார்கள். எந்த எண்கள் எப்படிச் சேர்ந்து வந்தால் பாசிட்டிவ் என்பதை மென்பொருள் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு, அது இதுவரை பார்க்காத புது ஆட்களின் மூச்சைக் கொடுத்து, 'இப்போ சொல்லு' என்று பரீட்சை வைப்பார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மென்பொருளுக்கு வைரஸ் என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு குவியல்களுக்கு நடுவே என்ன வித்தியாசம் இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த வித்தியாசம் நோயால் வந்ததா, வேறு எதனாலோ வந்ததா என்று அது கேட்காது.

சோதனைகளில் கிடைத்தது என்ன?

வூஹான், 2020 மார்ச். இஸ்ரேலின் டெக்னியான் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஹொசாம் ஹாயிக் குழுவினரின் தங்க நானோ துகள் கருவி அங்கே சோதிக்கப்பட்டது. 49 கொரோனா நோயாளிகள், 58 ஆரோக்கியமானவர்கள், வேறு நுரையீரல் தொற்று உள்ள 33 பேர் ஊதினார்கள். நோயாளிகளையும் மற்றவர்களையும் பிரிப்பதில், கற்றுக்கொண்ட டேட்டாவில் கருவியின் துல்லியம் 94 சதவீதம். புது ஆட்களிடம் வைத்த பரீட்சையில் 76 சதவீதம். கொரோனாவை மற்ற நுரையீரல் தொற்றிலிருந்து பிரிப்பதில் இந்த எண்கள் 90, 95.

எடின்பரோ, டார்ட்மண்ட், 2020. ஸ்காட்லாந்திலும் ஜெர்மனியிலும் மருத்துவமனைக்கு வந்த மொத்தம் 98 பேரிடம் அயனி ஓட்டக் கருவி சோதிக்கப்பட்டது. அவர்களில் 31 பேருக்குக் கொரோனா. ஓர் ஊரில் 80 சதவீதம், இன்னொன்றில் 81.5 சதவீதம் சரியாகச் சொன்னது. இங்கே வந்த மற்றவர்களில் பலருக்கும் ஆஸ்துமா, நிமோனியா என்று ஏதோ ஒரு மூச்சுப் பிரச்சினை இருந்தது. அதனால் இந்த எண்கள் பார்க்கச் சிறியவையாக இருந்தாலும், பரீட்சை கஷ்டமானது.

சிங்கப்பூர், 2021 மே. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து உருவான பிரெத்தோனிக்ஸ் நிறுவனத்தின் கருவிக்கு அந்நாட்டு அரசு தற்காலிக அனுமதி கொடுத்தது. முன்னோட்டச் சோதனையில் 180 பேர் பங்கேற்றனர். நோய் உள்ளவர்களில் 93 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது, இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக 'இல்லை' என்றது. மலேசியாவிலிருந்து வருபவர்கள் நுழையும் துவாஸ் சோதனைச் சாவடியில் முதலில் வைத்துப் பார்த்தார்கள். அங்கும் ஏற்கெனவே கட்டாயமாக இருந்த ஆன்டிஜென் டெஸ்ட் நிறுத்தப்படவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஓட்டினார்கள்.

அமெரிக்கா, 2022 ஏப்ரல் 14. இன்ஸ்பெக்ட்ஐஆர் என்ற டெக்சாஸ் நிறுவனத்தின் கருவிக்கு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அவசரகால அனுமதி வழங்கியது. மூச்சை வைத்துக் கொரோனாவைக் கண்டுபிடிக்க அந்த அமைப்பு அனுமதித்த முதல் கருவி இது. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டி அளவு, மூன்று நிமிஷத்துக்குள் ரிசல்ட், ஒரு நாளில் சுமார் 160 பேர். மூச்சில் உள்ள ஐந்து சேர்மங்களைத் தேடும். 2,409 பேரிடம் செய்த ஆய்வில், நோய் உள்ளவர்களை 91.2 சதவீதமும் இல்லாதவர்களை 99.3 சதவீதமும் சரியாகச் சொன்னது.

இந்தியாவிலும் முயற்சி நடந்தது. 2020-ல் இஸ்ரேல் குழுவினரோடு சேர்ந்து, டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் மூச்சு, குரல் உள்ளிட்ட சில விரைவுப் பரிசோதனை முறைகள் சோதித்துப் பார்க்கப்பட்டன.

ஆம்ஸ்டர்டாமில் வந்த சிக்கல்

நெதர்லாந்தில் 2021 தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் நகர சுகாதாரத் துறை 'ஸ்பைரோநோஸ்' என்ற மூச்சுக் கருவியைப் பொதுமக்களிடமே பயன்படுத்தத் தொடங்கியது. அதன் திட்டம் புத்திசாலித்தனமானது. ஊதியதும் கருவி இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும். 'நிச்சயமாக இல்லை' என்றால் வீட்டுக்குப் போகலாம். சந்தேகம் இருந்தால் வழக்கமான பிசிஆர் டெஸ்ட். பெரும்பாலானவர்களுக்குக் குச்சியே தேவைப்படாது.

ஆனால் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, பிப்ரவரி மாதம், அந்தப் பரிசோதனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. தொற்று இருந்த சிலருக்கு 'இல்லை' என்று ரிசல்ட் போயிருந்தது தெரியவந்ததுதான் காரணம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். தப்பான 'இருக்கு' வந்தால் இன்னொரு டெஸ்ட் எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். தப்பான 'இல்லை' வந்தவர் நிம்மதியாக மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்க்கப் போவார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவராக இருந்தால் நேராக வேலைக்குப் போவார். டெஸ்டே எடுக்காதவர் கொஞ்சமாவது ஜாக்கிரதையாக இருந்திருப்பார். அதனால்தான் இந்த 'இல்லை' என்ற பதிலுக்கு அவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

94 ஏன் 76 ஆகிறது?

வூஹான் சோதனையில் படித்த டேட்டாவுக்கும் புது டேட்டாவுக்கும் நடுவே 18 புள்ளிகள் குறைந்ததைப் பார்த்தோம். இதற்குக் காரணங்கள் சில.

முதல் காரணம், மனப்பாடம். சில டஜன் பேரின் மூச்சை மட்டும் பார்த்த மென்பொருள், நோயின் பொது அடையாளத்தோடு அந்தக் குறிப்பிட்ட ஆட்களின் தனி அடையாளத்தையும் சேர்த்து உருப்போட்டுவிடும். போன வருஷக் கேள்வித்தாளை மட்டும் படித்துவிட்டுப் போகும் மாணவன் மாதிரி. ஆட்கள் எண்ணிக்கை சிறியதென்றால் சதவீதமும் மேலேயும் கீழேயும் நிறையவே ஆடும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆபத்தானது. மென்பொருள் நோயைக் கற்காமல் வேறொன்றைக் கற்றுவிடலாம். நோயாளிகள் எல்லோரும் ஆஸ்பத்திரி வார்டில் ஊதினார்கள், ஆரோக்கியமானவர்கள் கல்லூரி வளாகத்தில் ஊதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வார்டில் சானிடைசர் வாசனை, மாத்திரை, ஆஸ்பத்திரிச் சாப்பாடு எல்லாம் மூச்சில் கலந்திருக்கும். மெஷினுக்கு அந்த வித்தியாசமே போதும். 95 சதவீதம் என்று பெருமையாக எண் வரும். ஆனால் அது கண்டுபிடித்தது ஆஸ்பத்திரியைத்தான்.

இது வெறும் பயம் இல்லை. கொரோனாவுக்காகவே உருவான வேறு ஏஐ மென்பொருள்களில் இது நடந்திருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை வைத்துக் கொரோனாவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு அலசியது. விரிவாகப் பார்த்த 62 ஆய்வுகளில் ஒன்றுகூட மருத்துவமனையில் பயன்படுத்தும் தரத்தில் இல்லை என்று 2021-ல் அறிவித்தது. சில ஆய்வுகளில் 'கொரோனா இல்லாதவர்கள்' என்று கொடுக்கப்பட்டவை 1 முதல் 5 வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரே. அதை வைத்துப் படித்த மென்பொருள் பெரியவர் யார், குழந்தை யார் என்று பிரிக்கத்தான் கற்றிருக்கும்.

குரல், இருமல் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறையிலும் இதே கதை. பிரிட்டனில் 67,000-க்கும் மேற்பட்டவர்களின் குரல் பதிவுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முதலில் மென்பொருளின் மதிப்பெண் சுமார் 0.85. இதில் 1 என்றால் முழுச் சரி, 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். பிறகு, ஒரே மாதிரி அறிகுறி, ஒரே மாதிரி வயது உள்ள பாசிட்டிவ், நெகட்டிவ் ஆட்களை ஜோடி சேர்த்து மறுபடி சோதித்தார்கள். மதிப்பெண் சுமார் 0.62-க்கு இறங்கிவிட்டது. அதாவது அது கற்றிருந்தது கொரோனாவை இல்லை, யாருக்கு உடம்பு சரியில்லை என்பதைத்தான். 'உங்களுக்குக் காய்ச்சல், இருமல் இருக்கா?' என்று நேரடியாகக் கேட்டிருந்தாலே இதைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது காரணம், நாம் சாப்பிடுவதும் வாழும் இடமும். பூண்டு, வெங்காயம், சிகரெட், மவுத்வாஷ், பட்டினி, சர்க்கரை நோய், சுற்றியுள்ள காற்று என எல்லாமே மூச்சை மாற்றும். ஐரோப்பாவில் படித்த மென்பொருள், காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கும் வேறொரு நாட்டுத் தொழிலாளியின் மூச்சைப் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அதோடு சென்சாருக்கும் வயசாகும். இன்று 100 என்று காட்டிய அதே பொருளுக்குச் சில மாதம் கழித்து 90 காட்டலாம்.

99 சதவீதம் சரின்னா போதாதா?

செய்திகளில் 'துல்லியம் 99 சதவீதம்' என்று பார்த்ததும் நம்பிவிடுகிறோம். அமெரிக்கக் கருவியின் எண்களை வைத்தே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஊரில் 10,000 பேர் ஊதுகிறார்கள். அந்த ஆய்வில் இருந்தது போல 100-ல் 4.2 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

தொற்று உள்ளவர்கள் 420 பேர். அவர்களில் கருவி கண்டுபிடிப்பது சுமார் 383 பேரை. தப்பிவிடுபவர்கள் 37 பேர்.

தொற்று இல்லாதவர்கள் 9,580 பேர். அவர்களில் சுமார் 67 பேருக்குத் தவறாக 'இருக்கு' என்று வரும்.

ஆக 450 பேருக்கு 'இருக்கு' என்று வந்தால், அதில் 383 பேர் உண்மையானவர்கள். 100-க்கு 85 பேர். பரவாயில்லை.

இப்போது அலை ஓய்ந்துவிட்டது, 1,000 பேரில் ஒருவருக்குத்தான் தொற்று என்று வைத்துக்கொள்வோம். அதே கருவி, அதே 10,000 பேர்.

தொற்று உள்ளவர்கள் 10 பேர். 9 பேரைக் கருவி பிடித்துவிடும். தொற்று இல்லாத 9,990 பேரில் சுமார் 70 பேருக்குத் தவறாக 'இருக்கு' என்று வரும்.

மொத்தம் 79 பேருக்கு 'இருக்கு'. உண்மையில் இருப்பது 9 பேருக்கு மட்டும். பத்துக்கு கிட்டத்தட்ட ஒன்பது அலாரம் பொய்.

கருவி ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஊரில் நோய் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் எல்லைச் சாவடியில் தடுத்து நிறுத்தப்படும் அந்த 70 பேருக்கு அன்றைய கூலி போய்விடும், சிலருக்கு விமானம் போய்விடும். இதனால்தான் அமெரிக்க அரசு அனுமதி கொடுக்கும்போதே சில நிபந்தனைகளையும் சேர்த்தது. 'இருக்கு' என்று வந்தால் இன்னொரு மூலக்கூறு டெஸ்டில் உறுதிப்படுத்த வேண்டும். 'இல்லை' என்று வந்தாலும் அதை மட்டும் வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்கக் கூடாது.

வைரஸையே நேரடியாகப் பிடிக்க முடியாதா?

முடியும். அதற்கு வேறு வகை சென்சார் வேண்டும். ஒரு தகட்டின் மேல் வைரஸின் முள் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை ஒட்டி வைப்பார்கள். வைரஸ் வந்து ஒட்டினால் மின்னோட்டம் மாறும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு கருவியை உருவாக்கினார்கள். அதில் இருப்பது ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமா என்ற விலங்கின் உடலில் உருவாகும் மிகச் சிறிய எதிர்ப்புரதம். நிமிஷத்துக்கு 1,000 லிட்டர் காற்றை உறிஞ்சி, அறையில் கொரோனா வைரஸ் இருக்கிறதா என்று சுமார் 5 நிமிஷத்தில் சொல்லும் கருவியை 2023-ல் வெளியிட்டார்கள். தொற்று இருந்த இரண்டு பேருடைய வீடுகளில் வைத்தும் சோதித்தார்கள்.

இது புகையை வைத்து ஊகிப்பது இல்லை, ஆளையே கையும் களவுமாகப் பிடிப்பது. அதனால் 'வேறு எதையோ கற்றுக்கொண்டது' என்ற பிரச்சினை ரொம்பக் குறைவு. ஆனால் ஒவ்வொரு வைரஸுக்கும் தனி எதிர்ப்புரதம் தயாரிக்க வேண்டும். வைரஸ் உருமாறினால் பிடி நழுவலாம்.

வாசனை முறையில், புது வைரஸ் வந்த முதல் வாரத்திலேயே அதே கருவியை வைத்துக்கொண்டு மென்பொருளுக்கு மட்டும் மறுபடி பாடம் எடுக்க ஆரம்பித்துவிடலாம். இரண்டுக்கும் அதனதன் இடம் இருக்கிறது.

தக்காளிச் செடிக்கும் ஒரு 'மூக்கு'

மனிதரிடம் தடுமாறும் இந்த யோசனை, வயலில் நம்பிக்கை தருகிறது. செடிகளுக்கும் நோய் வந்தால் இலையிலிருந்து வெளிவரும் வாசனைப் பொருட்கள் மாறும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ஒட்டுப்பட்டையைத் தயாரித்தார்கள். இலைத்துளைகள் அதிகமுள்ள அடிப்பக்கத்தில் அதை ஒட்டிவிடுவார்கள். வாசனைப் பொருட்கள், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் அது அளக்கும். அந்த எண்களை மெஷின் லேர்னிங் படிக்கும். தக்காளியைத் தாக்கும் புள்ளி வாடல் வைரஸை, கண்ணுக்கு அறிகுறி தெரிவதற்கு ஒரு வாரத்துக்கும் முன்பே இது காட்டிக்கொடுத்ததாக 2023-ல் அறிவித்தார்கள்.

செடி சிகரெட் பிடிக்காது, பூண்டு சாப்பிடாது. நேற்று இதே செடி எப்படி இருந்தது என்ற பதிவும் கையில் இருக்கிறது. அதோடு, அலாரம் தப்பானாலும் நஷ்டம் ஒரு செடியோடு போய்விடும். அதனால் இங்கே வேலை கொஞ்சம் சுலபம்.

அப்போ இதை நம்பலாமா, வேண்டாமா?

மூச்சுக் கருவி வைரஸ் இருப்பதற்கான சான்றிதழ் தரும் மெஷின் அல்ல. கூட்டத்தில் யாருக்கு அடுத்த டெஸ்ட் எடுக்கணும் என்று வேகமாக வடிகட்டிக் கொடுக்கும் சல்லடை. அந்த வேலையை மட்டும் கொடுத்தால் நன்றாகவே பயன்படும். விமான நிலையம், தொழிற்சாலை வாசல், தேர்தல் மையம் போன்ற இடங்களில், தொற்று பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில் சில நிமிஷத்தில் கிடைக்கும் பதிலுக்கு மதிப்பு அதிகம். அதையே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும்போதுதான் பிரச்சினை.

அடுத்த முறை 'ஊதினாலே நோய் தெரியும், 95 சதவீதம் துல்லியம்' என்று செய்தி வந்தால் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்க.

1. எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? 50 பேரா, 5,000 பேரா?

2. அந்த 95 சதவீதம் படித்த டேட்டாவில் வந்ததா, மென்பொருள் பார்க்காத புது ஆட்களிடம் வந்ததா?

3. யாரோடு ஒப்பிட்டார்கள்? நல்லா இருப்பவர்களோடு மட்டுமா, சாதாரணச் சளி, காய்ச்சல் உள்ளவர்களோடுமா?

4. எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி சூழலில் ஊதினார்களா?

5. 'இல்லை' என்று தவறாகச் சொன்னது எத்தனை பேருக்கு? அவர்களுக்கு அடுத்த டெஸ்ட் உண்டா?

இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் அந்தக் கருவியைத் தாராளமாக வரவேற்கலாம். பதில் இல்லையென்றால், கருவி 'இல்லை' என்று சொன்னாலும் உடம்பு சரியில்லாதபோது மாஸ்க் போட்டுக்கொண்டு, டாக்டரைப் பார்த்து, வீட்டுப் பெரியவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியிருப்பதுதான் பாதுகாப்பு.